லீடர்ஷிப் கட்டத்தை காலியா விட்ட பொண்ணு

கலிஃபோர்னியால சென்ட்ரல் வேலின்ற பள்ளத்தாக்குல, ரெண்டு வருஷப் படிப்பு தர்ற ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல, நிதி உதவி ஆபீஸ்ல வேலை பாக்கறேன், பதினோரு வருஷம் ஆச்சு. ஊரைச் சுத்தி பாதாம் தோட்டம், திராட்சைத் தோட்டம், அதுல கூலி வேலை செய்யறவங்க பிள்ளைங்கதான் என் கவுண்டருக்கு வர்றதுல பாதிக்கு மேல, அதுலயும் பொண்ணுங்க அதிகம். மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடார்லேர்ந்து வந்த குடும்பங்க. நம்ம ஊர் ஸ்கூல்ல மாதிரியே என்னை "மிஸ்"னுதான் கூப்பிடுவாங்க, அதனாலயோ என்னவோ முதல் நாளே ஒட்டிக்கிட்டேன்.

போன வருஷம் ஒரு பொண்ணு ஸ்காலர்ஷிப் ஃபார்மோட வந்தா. பத்தொன்பது வயசு, நர்சிங் படிக்கணும்னு ஆசை. எல்லாம் நிரப்பியிருந்தா, "உங்களோட தலைமைத்துவ அனுபவத்தை எழுதுங்க"ன்ற கட்டம் மட்டும் காலி. ஏன்மா விட்டுட்டேன்னு கேட்டேன். "நான் எந்த க்ளப்லயும் இல்ல மிஸ், ஸ்கூல் விட்டா நேரா வீடுதான்"னா. அப்ப அவ ஃபோன் அடிச்சுது. அம்மாவோட கிளினிக். ஸ்பானிஷ்ல அம்மாகிட்ட ஒரு நிமிஷம், இங்கிலீஷ்ல கிளினிக்காரங்ககிட்ட ரெண்டு நிமிஷம், அப்பாயின்ட்மென்ட்டை மாத்தி, எந்த மாத்திரையை நிறுத்தணும்னு கேட்டு எழுதிக்கிட்டு, வச்ச உடனே கரண்ட் கம்பெனிக்கு அடிச்சு பில்லை ரெண்டு தவணையா கட்டறோம்னு பேசி முடிச்சா. எப்பலேர்ந்து இதெல்லாம் நீ பாக்கறேன்னு கேட்டேன். எட்டு வயசுலேர்ந்தாம். அப்ப இதை அந்தக் கட்டத்துல எழுதலாமேன்னு சொன்னேன், என்னை ஒரு மாதிரி பாத்தா. "இது வேலை இல்ல மிஸ், இது வீடு."

இந்தப் பதிலை நான் வேற வேற வாய்லேர்ந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. லத்தீனா, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவிகளுக்கு தலைமைப் பயிற்சி கொடுக்கணும்னு கூட்டம் கூட்டமா பேசறாங்க, நல்லதுதான், ஆனா எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இந்தப் பொண்ணுங்க பத்து வயசுலயே ஒரு குடும்பத்தோட கிளார்க், மொழிபெயர்ப்பாளர், டாக்ஸ் ஏஜென்ட் எல்லாம்தான், அதுக்கு பேர் வைக்கத்தான் யாரும் சொல்லித் தரல. பொண்ணுங்க தலைமை எடுக்கறது இந்த மண்ணுக்கும் புதுசு இல்ல, 1962ல சீசர் சாவேஸோட சேர்ந்து தோட்டத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பிச்ச டொலோரஸ் வேர்டா, பக்கத்து ஸ்டாக்டன்ல டீச்சரா இருந்தவங்கதான்.

இதை தமிழ்ல எழுத ஒரு காரணம் இருக்கு. நம்மாளுங்க நிறைய பேர் இங்க பெரிய கம்பெனிகள்ல இருக்கோம், வாலன்டியர் வேலைன்னு ஸ்காலர்ஷிப் கட்டுரைகளுக்கு மார்க் போடற கமிட்டில உக்காருவோம். நானும் உக்காந்திருக்கேன். டிபேட் டீம் கேப்டன், ரோபாட்டிக்ஸ் தலைவி, கோடை விடுமுறைல வெளிநாட்டுல சேவைன்னு எழுதின பேப்பர் பளிச்சுனு கண்ல படும். வாரத்துக்கு முப்பது மணி நேரம் கடைல நின்னு தம்பி தங்கச்சியை வளத்த பொண்ணு மூணு வரி எழுதியிருப்பா, அது அடில போயிடும். அந்த மூணு வரியை ரெண்டாவது தடவை படிங்க, அவ்வளவுதான் கேக்கறேன்.

சரி, ஃபார்ம் விஷயத்துக்கு வரேன், ஏன்னா பாதிப் பேர் கட்டுரை வரைக்கும் வர்றதே இல்ல, ஃபாஃப்ஸான்ற (FAFSA) விண்ணப்பத்துலயே கழண்டுடறாங்க. ஃபெடரல் அரசோட நிதி உதவிக்கு இதுதான் வாசல், இது இல்லாம பெல் கிரான்ட் கிடையாது, அது 2025-26ல அதிகபட்சம் 7,395 டாலர், திருப்பிக் கட்ட வேண்டாத பணம். முதல் சிக்கல் பேரு. அவங்க வழக்கத்துல அப்பா வழி ஒரு சர்நேம், அம்மா வழி ஒரு சர்நேம், ரெண்டும் சேந்துதான் பேரு. ஸ்கூல் ரெக்கார்டுல ஒண்ணுதான் இருக்கும், சோஷியல் செக்யூரிட்டி கார்டுல ரெண்டும் இருக்கும், ஒரு இடத்துல நடுல கோடு, இன்னொரு இடத்துல கோடு இல்ல, கம்ப்யூட்டர் இது வேற ஆளுன்னு சொல்லிடும். இனிஷியலை எடுத்துக்கிட்டு அமெரிக்கா வந்து முழிச்ச நமக்கு இந்தக் கஷ்டம் நல்லாவே புரியும். கார்டுல எப்படி இருக்கோ எழுத்து பிசகாம அப்படியே போடுங்கன்னு நான் தினமும் பத்து தடவையாவது சொல்லிடுவேன்.

ரெண்டாவது சிக்கல் பயம். பொண்ணு இங்க பொறந்தவ, அமெரிக்க குடிமகள், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இங்க தங்கறதுக்கான பேப்பர் இல்ல. ஃபாஃப்ஸால பெத்தவங்களும் தனியா ஒரு அக்கவுன்ட் தொறந்து சம்மதம் கொடுக்கணும். புது ஃபார்ம் 2023 டிசம்பர் கடைசில வந்தப்ப, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாத பெத்தவங்க இருந்தா ஃபார்மையே முடிக்க முடியாம 2024 ஆரம்பத்துல பல வாரம் மாட்டிக்கிச்சு. அந்த மாசங்கள்ல என் கவுண்டர்ல எத்தனை கண்ணீர். அதை ஒரு வழியா சரி பண்ணாங்க, இப்ப பிரச்சனை டெக்னிக்கல் இல்ல, "எங்கப்பா அட்ரஸை கவர்ன்மென்ட்கிட்ட நானே எழுதிக் கொடுக்கணுமா மிஸ்?"ன்ற கேள்வி. கலிஃபோர்னியால இதுக்கு ஒரு மாற்று வழி இருக்கு, ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம்னு. பேப்பர் இல்லாத மாணவர்களுக்குன்னு வந்தது, இப்ப இந்த மாதிரி கலப்புக் குடும்பத்துப் பிள்ளைங்களும் போடலாம், மாநில உதவி கிடைக்கும், ஆனா அதை மட்டும் போட்டா பெல் கிடையாது. அதாவது பத்தொன்பது வயசுப் பொண்ணு ஒருத்தி, ஒரு பக்கம் ஏழாயிரம் டாலர், ஒரு பக்கம் அப்பாவோட பாதுகாப்பு, நடுல உக்காந்து முடிவு பண்ணணும். நான் ரெண்டு பக்கமும் விளக்கிச் சொல்லுவேன், முடிவை நான் சொல்ல மாட்டேன், சட்ட உதவி மையத்துக்கு நம்பர் கொடுத்து அனுப்புவேன். அப்பாகிட்ட கேக்காம கையெழுத்து வாங்கிடாதேம்மான்னு மட்டும் தவறாம சொல்லுவேன். எதுவா இருந்தாலும் மார்ச் 2க்குள்ள முடிச்சிடணும், கால் கிரான்ட்னு (Cal Grant) கலிஃபோர்னியா மாநிலம் தர்ற உதவியோட முக்கியமான கெடு அது, கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைங்களுக்கு செப்டம்பர்ல ஒரு ரெண்டாவது வாய்ப்பு இருக்கு, ஆனா அதை நம்பி உக்காராதீங்க.

அடுத்தது தூரம். ரெண்டு வருஷம் முடிச்சு பெரிய யூனிவர்சிட்டிக்கு மாறணும், லாஸ் ஏஞ்சலஸ்ல இடம் கிடைச்சிருக்கும், பொண்ணு போகாது. வெளில இருக்கறவங்க உடனே "பெத்தவங்க விட மாட்டேங்கறாங்க, பழைய காலத்து ஆளுங்க"ன்னு சொல்லிடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அவ போயிட்டா கிளினிக்குக்கு யார் ஃபோன் பண்றது? என் ஆபீஸ் சுவத்துல எல்லென் ஓச்சோவா படம் மாட்டியிருக்கேன், 1993ல விண்வெளிக்குப் போன முதல் லத்தீனா, பின்னாடி நாசாவோட ஜான்சன் ஸ்பேஸ் சென்டருக்கே டைரக்டர் ஆனவங்க. ஸ்டான்ஃபோர்ட் ஸ்காலர்ஷிப் வந்தும் அம்மாவுக்கும் கூடப்பொறந்தவங்களுக்கும் பக்கத்துல இருக்கணும்னு சான் டியகோ ஸ்டேட்லதான் டிகிரி படிச்சாங்க, அப்புறம்தான் அதே ஸ்டான்ஃபோர்டுக்குப் போய் டாக்டரேட் முடிச்சாங்க. அவங்க அம்மா அஞ்சு பிள்ளைங்களை வளத்துக்கிட்டே ஒவ்வொரு கிளாஸா எடுத்து டிகிரி வாங்க 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. வீட்டுப் பக்கத்துல படிக்கறது தோத்துப் போறதுன்னு நினைக்கிற பொண்ணுங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுவேன். 2005ல தொறந்த யூசி மெர்செட், கலிஃபோர்னியா யூனிவர்சிட்டியோட ஒரு கேம்பஸ், வேற இப்ப பக்கத்துலயே இருக்கு, ஃப்ரெஸ்னோலேர்ந்து கார்ல ஒரு மணி நேரம், அங்க படிக்கறவங்கள்ல பாதிக்கு மேல லத்தீனோ பிள்ளைங்க.

பணம் கொடுக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். பெரிய அட்டை செக்கை பிடிச்சுக்கிட்டு ஃபோட்டோ எடுக்கறீங்களே, அந்த ரெண்டாயிரம் டாலர் பல இடத்துல பொண்ணு கைக்குப் போறதில்ல. வெளி ஸ்காலர்ஷிப் வந்தா காலேஜ் தன் பங்கைக் குறைச்சிடும், கணக்கு பழையபடி நிக்கும். கலிஃபோர்னியா, ஏழைப் பிள்ளைங்க விஷயத்துல இதைத் தடுக்க 2022ல சட்டம் போட்டுது, எல்லா மாநிலத்துலயும் அப்படி இல்ல. கொடுக்கறதுக்கு முன்னாடி காலேஜ்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. இன்னொண்ணு, என் அனுபவத்துல படிப்பை நிறுத்த வைக்கிறது ஃபீஸ் இல்ல, நானூறு டாலர் டயர். இங்க பஸ் அவ்வளவா கிடையாது, கார் நின்னா கிளாஸ் நின்னுது. ஒரு வாரத்துல கைக்கு வர்ற சின்ன அவசர உதவிதான் நிறைய பேரைக் காப்பாத்தியிருக்கு, அதுக்கு யாரும் ஃபோட்டோ எடுக்க மாட்டாங்க.

பணத்தோட ஒரு ஆளும் வேணும். புவென்டேன்னு ஒரு திட்டம், ஸ்பானிஷ்ல பாலம்னு அர்த்தம், 1981ல ஹேவர்ட்ல இருக்கற ஷாபோ காலேஜ்ல ஆரம்பிச்சது. எழுத்துப் பயிற்சிக்கு ஒரு இங்கிலீஷ் கிளாஸ், கூடவே ஒரு கவுன்சிலர், சமூகத்துலேர்ந்து ஒரு மென்டர், மூணும் சேத்துக் கொடுப்பாங்க. பெரிய தந்திரம் ஒண்ணும் இல்ல. நம்ம கதையை எழுதலாம்னு அங்கதான் முதல்ல கத்துக்கறாங்க.

2025 செப்டம்பர்ல ஃபெடரல் கல்வித் துறை ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசற வம்சாவளி) மாணவர்கள் அதிகம் படிக்கிற காலேஜ்களுக்குக் கொடுத்திட்டிருந்த ஒரு பகுதி நிதியை நிறுத்தறதா அறிவிச்சது. மாணவர்கள்ல நாலுல ஒரு பங்கு ஹிஸ்பானிக்கா இருந்தா இந்தப் பட்டியல்ல சேரலாம், அந்தக் காசுலதான் எத்தனையோ காலேஜ்ல ட்யூட்டரும் கவுன்சிலரும் ஓடுது. கோவம் வருது, எழுதினா இந்தப் பதிவு வேற எங்கயோ போயிடும், விடறேன்.

அந்தப் பொண்ணு கடைசில கட்டத்தை நிரப்பினா. கிளினிக், கரண்ட் பில், தம்பியோட ஸ்கூல் மீட்டிங், அம்மாவோட டாக்ஸ், எட்டு வயசுலேர்ந்து. வார்த்தை எல்லாம் அவளோடது, நான் கமா ரெண்டு போட்டேன். ஆயிரத்தைந்நூறு டாலர் வந்தது. இந்த ஜனவரில திரும்ப வந்தா, பின்னாடியே அவ சித்தி பொண்ணு ஒருத்தி, கைல லேப்டாப். ஃபாஃப்ஸா பாதி முடிஞ்சிருந்தது, பேர் கட்டத்தைப் பாத்தேன், ரெண்டு சர்நேமும் கார்டுல இருக்கற மாதிரியே, கோடு இல்லாம.