அண்டார்டிகாவில் ஒரு மலைக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் யாருக்கு?

அண்டார்டிகாவில் அரசாங்கம் இல்லை, வருவாய்த் துறை இல்லை, நிரந்தரக் குடிமக்களும் இல்லை. ஆனாலும் அங்கே 19,000க்கும் மேற்பட்ட மலைகள், பனியாறுகள், முனைகள், தீவுகள் பெயரோடு வரைபடத்தில் இருக்கின்றன. அந்த இடங்களுக்கு வைக்கப்பட்ட பெயர்களை எண்ணினால் 37,000ஐத் தாண்டுகிறது. இடங்களைவிடப் பெயர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது எப்படி வந்தது என்று பார்த்தாலே அங்கே பெயர் வைக்கும் முறை முழுவதும் புரிந்துவிடும்.

முதலில் நேரடியான பதில். அண்டார்டிகா முழுவதற்கும் பெயர் வைக்க அதிகாரம் பெற்ற ஒரே அமைப்பு என்று எதுவும் கிடையாது. அங்கே வேலை செய்யும் ஒவ்வொரு நாடும் தன் சொந்தப் பெயர்க் குழுவை வைத்துக்கொண்டு, தன் வரைபடங்களில் தான் பயன்படுத்தப்போகும் பெயரைத் தானே முடிவு செய்கிறது. எல்லா நாடுகளும் அனுப்பும் பெயர்களை அண்டார்டிக் ஆய்வுக்கான அறிவியல் குழு, சுருக்கமாக ஸ்கார், ஒரே தொகுப்பாகச் சேர்த்து வைக்கிறது. தொகுக்கும் வேலை 1992இல் தொடங்கியது. ஸ்கார் ஒரு பெயரை ஏற்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. பதிவேட்டில் சேர்ப்பது மட்டும்தான் அதன் வேலை.

இதற்கு அடிப்படை 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிக் உடன்படிக்கை. 1961 ஜூன் 23 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டன், பிரான்ஸ், நார்வே, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி, அர்ஜென்டினா ஆகிய ஏழு நாடுகள் அந்தக் கண்டத்தின் துண்டுகளுக்கு உரிமை கோரியிருக்கின்றன. அந்தக் கோரிக்கைகளை உடன்படிக்கையின் நான்காவது பிரிவு அப்படியே உறைய வைத்துவிட்டது. பழைய கோரிக்கையை யாரும் கைவிட வேண்டியதில்லை, ஆனால் புதிதாகக் கோரவோ இருப்பதைப் பெரிதாக்கவோ முடியாது. உடன்படிக்கை நடப்பில் இருக்கும்போது அங்கே செய்யும் எந்தச் செயலும் நிலத்துக்கு உரிமை தேடித் தராது. பெயர் வைப்பதும் இதில் அடக்கம். ஒரு மலைக்கு உங்கள் நாட்டுத் தலைவர் பெயரை வைத்தாலும் அந்த மலை உங்கள் நாட்டுக்குச் சொந்தமாகிவிடாது.

விதிகள் வருவதற்கு முன்பு கண்டவர் வைத்ததே பெயர். 1841 ஜனவரியில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் எரபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களோடு தெற்கே போனார். பனிக்கடலைக் கடந்ததும் எதிரே ஒரு மலைத்தொடர் எழுந்து நின்றது. அவரை அனுப்பியது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டி, ஆகவே அது அட்மிரால்டி மலைகள் ஆயிற்று. அப்போதைய பிரதமர் மெல்போர்ன் பிரபுவின் பெயரில் ஒரு மலை, கடற்படை அமைச்சர் மின்டோ பிரபுவின் பெயரில் இன்னொன்று. அதே மாதக் கடைசியில் புகை கக்கிக்கொண்டிருந்த ஓர் எரிமலையைப் பார்த்தபோது கப்பலின் பெயரையே வைத்தார். 3,794 மீட்டர் உயரமுள்ள எரபஸ் எரிமலை அதுதான். பக்கத்து மலைக்கு இரண்டாவது கப்பலின் பெயர்.

அப்புறம் மனைவிமார், புரவலர்கள். 1840இல் பிரெஞ்சு மாலுமி டூமான் டுர்வில் தான் கண்ட கரைக்கு மனைவி அடேலின் பெயரை வைத்தார். 1929இல் அமெரிக்கரான ரிச்சர்ட் பேர்ட் ஒரு பெரும் நிலப்பரப்புக்கே மனைவி மேரியின் பெயரைச் சூட்டினார், அதுதான் மேரி பேர்ட் லேண்ட். தென்துருவத்துக்குப் போகும் வழியில் பிரிட்டிஷ் பயணத் தலைவர் ஷாக்கிள்டன் ஏறிய பனியாறு, பணம் கொடுத்த தொழிலதிபர் பியர்ட்மோரின் பெயரைத் தாங்குகிறது. தென்துருவத்தை முதலில் எட்டிய நார்வேக்காரர் அமுன்ட்சன் ஏறிய பனியாற்றுக்கும் ஒரு புரவலர் பெயர்தான், ஆக்செல் ஹைபர்க். அந்தப் பனியாற்றுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒரு சிறு மலைக்கு அமுன்ட்சன் பெட்டி என்று பெயர் வைத்தார். பெட்டி அவர் வீட்டில் வேலை பார்த்த பெண்மணி, அவரை வளர்த்தவர். அரசர்களும் பிரபுக்களும் நிறைந்த அந்த வரைபடத்தில் இந்த ஒரு பெயரைப் பார்க்கும்போது மனது நிறைகிறது.

தொலைவிலிருந்து பார்த்துப் பெயர் வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. தெற்கே ஒரு தொடர் தெரிகிறது என்று ராஸ் அதற்குப் பாரி மலைகள் எனப் பெயரிட்டு வரைபடத்தில் போட்டார். அறுபது ஆண்டுகள் கழித்து இன்னொரு பிரிட்டிஷ் பயணத் தலைவரான ஸ்காட்டின் குழு அங்கே போய்ப் பார்த்தபோது அப்படி ஒரு மலையே இல்லை. துருவக் காற்றில் தூரமும் உயரமும் கண்ணை எளிதில் ஏமாற்றும்.

விமானம் வந்ததும் சிக்கல் இன்னும் பெரிதாயிற்று. வின்சன் மலையின் கதையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். 1935 நவம்பர் 23 அன்று அமெரிக்கரான லிங்கன் எல்ஸ்வொர்த், விமானி ஹெர்பர்ட் ஹாலிக்-கென்யனுடன் கண்டத்தைக் குறுக்கே பறந்து கடக்கும்போது அதுவரை யாரும் பார்த்திராத ஒரு மலைத்தொடரைக் கண்டார். காவலர் என்ற பொருளில் அதற்கு சென்டினல் தொடர் என்று பெயர். அதில் ஒரு சிகரத்துக்கு மனைவி மேரி லூயிஸ் உல்மரின் பெயரை வைத்தார். அண்டார்டிகாவிலேயே மிக உயர்ந்த சிகரமான வின்சன் இதே தொடரில்தான் இருக்கிறது. ஆனால் அது வரைபடத்துக்கு வர இன்னும் 22 ஆண்டுகள் ஆயின. 1958 ஜனவரியில் அங்கே அமெரிக்கா வைத்திருந்த பேர்ட் ஆய்வு நிலையத்திலிருந்து கிளம்பிய அமெரிக்கக் கடற்படை விமானம்தான் அதைக் கண்டது.

இந்தத் தடவை பெயர் வைத்தது கண்டவர் இல்லை, அமெரிக்காவின் பெயர்க் குழு. அண்டார்டிகப் பயணங்களுக்கு அரசின் ஆதரவு கிடைக்கப் பல ஆண்டுகள் பாடுபட்ட ஜார்ஜியா மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் கார்ல் வின்சனின் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் உயரம் 5,140 மீட்டர் என்று போட்டிருந்தார்கள். 2004இல் ஜிபிஎஸ் கருவியோடு ஏறி அளந்ததில் 4,892 மீட்டர் என்று தெரிந்தது. 2006இல் அதே குழு இன்னொரு திருத்தம் செய்தது: வின்சன் பெருந்திரள் என்பது முழு மலைத்திரளின் பெயர், அதன் உச்சிச் சிகரம் மட்டும் வின்சன் மலை, இரண்டும் வேறு வேறு. 1966 டிசம்பரில் முதன்முதலில் உச்சியை எட்டிய குழுவினர் சிலரின் பெயர்கள் பக்கத்துச் சிகரங்களுக்குப் போயின. கிளின்ச், ஷோனிங், கார்பெட் ஆகிய சிகரங்கள் அப்படி வந்தவை. இத்தனைக்கும் அந்த மலை நிற்கும் பகுதி சிலி உரிமை கோரும் நிலத்துக்குள் வருகிறது, அமெரிக்காவுக்கோ அண்டார்டிகாவில் எந்த உரிமைக் கோரிக்கையும் கிடையாது. இருந்தும் உலகமே அமெரிக்கக் குழு வைத்த பெயரைத்தான் சொல்கிறது.

வானிலிருந்து எடுத்த படங்கள் குவியக் குவியத்தான் நாடுகள் விதி எழுத உட்கார்ந்தன. பிரிட்டன் 1945இல் அண்டார்டிக் இடப்பெயர்க் குழுவை அமைத்தது. அமெரிக்காவில் புவியியல் பெயர்கள் வாரியத்தின் கீழ் 1943இல் தொடங்கிய சிறப்புக் குழு, 1947இல் ஆலோசனைக் குழுவாயிற்று. இவற்றில் அமெரிக்க விதி நன்றாக யோசித்து எழுதப்பட்டது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்த விதி இயற்கை அமைப்புகளை மூன்று தரமாகப் பிரிக்கிறது. பெரும் நிலப்பகுதிகள், கடற்கரைகள், நீண்ட மலைத்தொடர்கள், பீடபூமிகள், கடலில் மிதக்கும் பெரும் பனித்தட்டுகள் முதல் தரம். தீபகற்பங்கள், பெரிய மலைகள் போன்றவை இரண்டாம் தரம். சிறு மலைகள், பனிக்கு மேலே தலை நீட்டும் பாறைகள், செங்குத்துச் சரிவுகள் மூன்றாம் தரம். ஒருவருக்கு எந்தத் தரத்தில் பெயர் என்பதை அண்டார்டிகாவில் அவர் செய்த வேலையின் அளவு தீர்மானிக்கிறது. பயணத் தலைவர்களும் பெரிய கண்டுபிடிப்புகள் செய்தவர்களும் முதல் தரத்துக்குத் தகுதி பெறுவார்கள். ஒரு பருவம் அங்கே தங்கி ஆய்வில் உதவியவருக்கும் மூன்றாம் தரத்தில் இடம் உண்டு.

எதெல்லாம் கூடாது என்பதும் தெளிவாக இருக்கிறது. உறவினர், நண்பர் என்ற காரணத்துக்காக மட்டும் சொல்லப்படும் பெயர் எடுபடாது. பணமோ பொருளோ கொடுத்துவிட்டு அதை விளம்பரமாக்கி வியாபாரம் செய்யப் பார்த்தவர்களின் பெயர், விற்பனைப் பொருள்களின் பெயர், வளர்ப்புப் பிராணிகளின் பெயர், பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாய்களின் பெயர், எதுவும் கூடாது. எல்ஸ்வொர்த்தும் பேர்டும் செய்ததை இன்று ஒருவர் செய்ய முடியாது என்று பொருள். சரியான விதி என்றே நினைக்கிறேன். மனிதர் யாருமே வாழாத ஓரிடத்தில் வைக்கும் பெயர், அந்த இடத்துக்காக உழைத்தவரை நினைவில் வைப்பதாகவாவது இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவுக்குள் ஒரு மலைக்கு ஒருவர் பெயரை வைக்க அவர் இறந்து ஐந்து ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். அண்டார்டிகாவில் உயிரோடு இருப்பவர் பெயரையும் வைக்கலாம். குடியுரிமையும் தடை இல்லை. மேரி பேர்ட் லேண்டில் 990 மீட்டர் உயரத்தில் சின்ஹா மலை என்று ஒன்று இருக்கிறது. 1971-72இல் பெல்லிங்ஷாசன், அமுன்ட்சன் கடல்களில் கடற்பனிக்கு நடுவே சீல்களையும் திமிங்கலங்களையும் பறவைகளையும் கணக்கெடுத்த குழுவில் இருந்த, இந்தியாவில் பிறந்த உயிரியலாளர் அகௌரி சின்ஹாவின் பெயர் அது. கடற்பனிக்கு நடுவே போய் எண்ணியவருக்கு ஒரு மலை. தகுதி என்று விதி சொல்வது இந்த மாதிரி உழைப்பைத்தான்.

பிரிட்டிஷ் குழுவுக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. ஆள் பெயர் போதாத இடங்களில் ஒரு பகுதிக்கு ஒரு துறை என்று ஒதுக்கிவிடுவார்கள். அலெக்சாண்டர் தீவில் இசைமேதைகள்: பீத்தோவன் தீபகற்பம், பாக் பனித்தட்டு. பிராபன்ட் தீவில் மருத்துவ முன்னோடிகள்: பாஸ்டர் தீபகற்பம், லிஸ்டர் பனியாறு. பெயரைக் கேட்டதுமே எந்தப் பகுதி என்று ஊகிக்க முடிவது களத்தில் இருப்பவர்களுக்கு வசதி. ஆஸ்திரேலியாவோ அமெரிக்கா விலக்கிய நாய்களுக்கே பெயர் கொடுத்தது. மாசன் நிலையத்தில் வண்டி இழுத்த ஹஸ்கி நாய்களின் பெயர்களை அதன் அருகிலுள்ள 26 சிறு தீவுகளுக்கும் பாறைகளுக்கும் சூட்டியிருக்கிறார்கள். அண்டார்டிக் உடன்படிக்கையின் சுற்றுச்சூழல் நெறிமுறைப்படி 1994 ஏப்ரலுக்குள் எல்லா நாய்களும் கண்டத்தைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. விதி நாட்டுக்கு நாடு மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இப்போது அந்த இரட்டிப்புக் கணக்குக்கு வரலாம். தென் அமெரிக்காவை நோக்கி நீளும் தீபகற்பத்தைப் பிரிட்டன் கிரஹாம் லேண்ட் என்றது, அமெரிக்கா பால்மர் தீபகற்பம் என்றது, சிலிக்கு அது ஓஹிகின்ஸ் நிலம், அர்ஜென்டினாவுக்கு சான் மார்ட்டின் நிலம். ஒரே பாறைக்கு நான்கு பெயர். 1964இல் பிரிட்டிஷ், அமெரிக்கக் குழுக்கள் உட்கார்ந்து பேசி, முழுவதற்கும் அண்டார்டிக் தீபகற்பம், வடபாதிக்கு கிரஹாம் லேண்ட், தென்பாதிக்கு பால்மர் லேண்ட் என்று முடித்துக்கொண்டன. சிலியும் அர்ஜென்டினாவும் தங்கள் பெயர்களைத் தொடர்கின்றன. பெயரால் உரிமை வராது என்று உடன்படிக்கை சொன்னாலும், உரிமை கோரும் நாடுகள் பெயரை விடுவதாக இல்லை. 2012 டிசம்பரில் பிரிட்டன் சுமார் 4,37,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு குயின் எலிசபெத் லேண்ட் என்று பெயரிட்டதும் அர்ஜென்டினா முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தது. அங்கே ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு இதில் ஒரு பயனும் இல்லை. மீட்பு விமானத்துக்கு இடம் சொல்லும்போது ஒரே மலைக்கு இரண்டு பெயர் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் புதுப் பெயர் வைக்குமுன் ஸ்கார் தொகுப்பைப் பார்த்து, அந்த இடத்துக்கு ஏற்கெனவே எந்த நாடாவது பெயர் வைத்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளச் சொல்கிறார்கள். இருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். இது கட்டாயச் சட்டம் இல்லை, இணங்கி நடப்பதற்கான நெறி. என்னைக் கேட்டால் எல்லா நாடுகளும் இதைச் சட்டம்போலவே கடைப்பிடிக்க வேண்டும்.

சரி, ஒரு பெயரை முன்மொழிய என்ன வேண்டும்? நீங்கள் எந்த நாட்டின் பயணக் குழுவில் இருக்கிறீர்களோ அந்த நாட்டின் பெயர்க் குழுவுக்கு எழுத வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை துல்லியமாக வேண்டும். அது மலையா, பாறையா, சரிவா என்ற விவரம், வரைபடம் அல்லது படம், பெயருக்கான காரணம், ஏன் பெயர் தேவைப்படுகிறது என்ற விளக்கம் வேண்டும். இருப்பிடத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1938-39இல் ஜெர்மன் பயணக் குழு விமானத்திலிருந்து ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்து ஏராளமான மலைகளுக்குப் பெயர் வைத்தது. தரையில் அளவெடுக்காததால் அவற்றில் பல எந்த மலையைக் குறிக்கின்றன என்று பின்னால் வந்தவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நிலைத்த பெயர்களும் உண்டு: இந்தியாவின் மைத்ரி நிலையம் இருக்கும் ஷிர்மாக்கர் பாறைவெளி, அதைக் கண்ட அந்தக் குழுவின் விமானியின் பெயரால்தான் இன்றும் அழைக்கப்படுகிறது.

கண்ணால் பார்க்க முடியாத மலைக்கும் இதே முறைதான். 1958இல் சோவியத் குழு நில அதிர்வலைகளைக் கொண்டு பனியின் ஆழத்தை அளந்தபோது, கிழக்கு அண்டார்டிகாவின் பனிக்கு அடியில் ஆல்ப்ஸ் போன்ற ஒரு மலைத்தொடர் புதைந்திருப்பது தெரிந்தது. அதற்குப் புவி இயற்பியலாளர் காம்பர்ட்சேவின் பெயரை வைத்தார்கள். 2008-09இல் பல நாடுகள் சேர்ந்து ரேடார் விமானங்களால் அதை விரிவாக வரைந்தபோதும் பெயர் மாறவில்லை.

குழு ஒப்புக்கொண்டதும் பெயர் அந்த நாட்டின் வரைபடத்துக்கும், அங்கிருந்து ஸ்கார் தொகுப்புக்கும் போகும். ஒரே மலைக்கு வெவ்வேறு நாடுகள் வைத்த பெயர்களை அந்தத் தொகுப்பு ஒரே எண்ணின் கீழ் இணைத்துக் காட்டுகிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.