'நோ' அமுக்கியும் அழிந்த பில்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் நண்பரின் மளிகைக் கடைக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பில்லை நீக்கும் முன் "நீக்கலாமா?" என்று ஒரு பெட்டி வரும். ஒருநாள் கல்லாவில் இருந்த அக்கா 'நோ' அமுக்கினார், பில் போய்விட்டது. "தம்பி, நான் நோதானே அமுக்கினேன்?" என்றார்.

அவர் செய்தது சரி. நான் எடுத்த ஃபங்ஷன்தான், அதாவது பெட்டியைக் காட்ட நிரலில் அழைத்த கட்டளைதான், தவறு. ஜன்னல், பெட்டி, பொத்தான் எல்லாம் வரையப் பைத்தானோடு வரும் டிகின்டர் என்ற தொகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்க 'ஆஸ்க்கொஸ்டின்', 'ஆஸ்க்எஸ்நோ' என்று இரண்டு உண்டு. திரையில் இரண்டும் ஒரே மாதிரி எஸ், நோ பொத்தான்களோடு நிற்கும். ஆனால் ஆஸ்க்எஸ்நோ தருவது ட்ரூ (உண்மை) அல்லது ஃபால்ஸ் (பொய்). ஆஸ்க்கொஸ்டின் தருவதோ 'எஸ்' அல்லது 'நோ' என்ற எழுத்துச்சரம். வெற்றாக இல்லாத எந்தச் சரமும் பைத்தானில் நிபந்தனை பார்க்கும் 'இஃப்' முன்னால் உண்மைதான். 'நோ' என்ற சொல்லும் அப்படியே ஆமாம் ஆகிவிட்டது.

அன்றிலிருந்து, பெட்டி என்ன பதிலைக் கொண்டுவரும் என்று பார்த்துத்தான் ஃபங்ஷனை எடுக்கிறேன். சேமிக்காமல் மூடும்போது வரும் கேள்விக்கு மூன்று பதில்கள்: சேமி, சேமிக்காதே, மூடவே வேண்டாம். 'ஆஸ்க்எஸ்நோகேன்சல்' இவற்றுக்கு ட்ரூ, ஃபால்ஸ், 'நன்' (எதுவும் இல்லை) என்று தரும். அங்கே 'உண்மை இல்லையென்றால்' என்று பார்க்கும் 'இஃப் நாட்' போட்டால் ஃபால்ஸும் நன்னும் ஒன்றாகி, கேன்சல் அமுக்கியவரின் வேலையும் சேமிக்கப்படாமல் போகும். வந்தது 'நன்'தானா என்று முதலில் தனியாகப் பார்த்துவிட வேண்டும்.

வெறும் தகவலுக்கு 'ஷோஇன்ஃபோ' இருக்கிறது. ஓகே அமுக்கும்வரை நிரலின் அடுத்த வரி ஓடாது. தீபாவளி நேரத்தில் வாசல்வரை வரிசை நிற்கும்போது ஒவ்வொரு பில்லுக்கும் "சேமித்தாயிற்று" என்று பெட்டி காட்டுவது கொடுமை. ஜன்னலின் அடியில் ஒரு வரி போதும்.

அப்புறம் பார்கோடு ஸ்கேனர். கணினிக்கு அதுவும் ஒரு விசைப்பலகைதான். எண்ணைத் தட்டி முடித்ததும் ஓர் எண்டரையும் தட்டும்படிதான் கடைகளில் பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். "நீக்கலாமா?" பெட்டி திறந்திருக்கும்போது யாராவது ஒரு பருப்புப் பொட்டலத்தை ஸ்கேன் செய்தால், அந்த எண்டர் பெட்டியின் முதல் பொத்தானான எஸ்ஸில் போய் விழும். அதனால் ஃபங்ஷனை அழைக்கும்போதே டிஃபால்ட்டை, அதாவது எண்டர் தட்டினால் தானாக அமுங்கும் பொத்தானை, 'நோ' என்று கொடுத்துவிட்டேன். இப்போது அந்த எண்டர் விழுந்தாலும் பெட்டிதான் மூடுகிறது, பில் அப்படியே இருக்கிறது.