டிரைபாயிண்ட்: பிசிறுதான் ஓவியம்

ஒரே தாமிரத் தகடு, அதே மை, அதே அச்சுப்பொறி. முதலில் எடுத்த பிரதியில் கோடுகள் கறுத்து, ஓரம் கசிந்து மெத்தென்று தெரிகின்றன. ஐம்பதாவது பிரதியிலோ வற்றிப்போய்க் கிடக்கின்றன. தகட்டை ஊசியால் கீறி அச்செடுக்கும் டிரைபாயிண்ட் அச்சுகளில் மட்டும் ஏன் இப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

டிரைபாயிண்டும் அடங்கிய இன்டாக்லியோ எனும் பள்ள அச்சு முறைகளின் அடிப்படை ஒன்றுதான். தகட்டுப் பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். எட்சிங்கில் அந்தப் பள்ளத்தை அமிலம் அரிக்கிறது. எங்ரேவிங்கில் உளி உலோகத்தைச் சுருள் சுருளாகச் செதுக்கி வெளியேற்றுகிறது. டிரைபாயிண்டில் அமிலமும் இல்லை, செதுக்கலும் இல்லை. எஃகு ஊசியோ வைர முனையோ வெறும் தகட்டைக் கீறுகிறது, அவ்வளவுதான்.

தாமிரம் எளிதில் நொறுங்காது, நெகிழ்ந்து கொடுக்கும். ஆகவே ஊசி போகும் இடத்திலிருந்த உலோகம் பெரும்பாலும் தகட்டை விட்டுப் போவதில்லை; ஏர் ஓடிய சாலின் ஓரத்தில் மண் ஒதுங்குவதுபோலப் பிதுங்கிக் கரையில் எழுந்து நிற்கிறது. பட்டறையில் இதைப் பிசிறு என்று சொல்லி அரத்தால் ராவித் தள்ளுவார்கள். இங்கே அதுதான் உயிர்நாடி! அந்தக் கரடுமுரடான விளிம்பின் அடியிலும் இடுக்கிலும் மை பிடித்துக்கொள்கிறது, துணியால் துடைத்தாலும் முழுதாகப் போவதில்லை. அதனால் கோடு பள்ளத்தின் அகலத்தோடு நிற்காமல் பக்கவாட்டில் இருண்டு பரவுகிறது. ஊசியை நிமிர்த்திப் பிடித்தால் இரு கரையிலும் பிசிறு எழும். சாய்த்தால் ஒரு கரையில்தான் அதிகம் எழும். கோட்டின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் புகைந்தும் விழும். வண்ணமே தொடாமல், மணிக்கட்டின் சாய்வை வைத்தே நிழலைத் தீர்மானிக்கலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

மெல்லிய பிசிறு எத்தனை தடவைதான் தாங்கும்? ஒவ்வொரு துடைப்பிலும் உடைகிறது, ஒவ்வொரு அழுத்தத்திலும் நசுங்குகிறது. பொதுவாகப் பத்து, இருபது பிரதிகளுக்குள் செழுமை போய்விடும். 19ஆம் நூற்றாண்டில் மின்பகுப்பு முறையில் தகட்டின்மேல் இரும்புப் பூச்சு ஏற்றக் கற்றபின்தான் ஆயுள் கூடியது.

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டுக்கு அந்த வசதி இல்லை. 1653இல் 'மூன்று சிலுவைகள்' தகட்டைக் கீறியபோது, தொடக்கப் பிரதிகள் பலவற்றைப் பதனிட்ட கன்றுத்தோலில் எடுத்தார். தோல் மையை அதிகம் உறிஞ்சாததால் பிசிறின் கருமை இன்னும் பரவித் தெரிந்தது. தகடு தேய்ந்தபின் பல உருவங்களைச் சுரண்டி நீக்கிவிட்டு, மேலே கனத்த கோடுகளைக் கீறி வேறொரு படமாகவே ஆக்கினார்.

தேய்ந்த பிரதிகளை மட்டமானவை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பிசிறு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்துத்தான் எந்தப் பிரதி முந்தியது, எது பிந்தியது என்று ஆய்வாளர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். செழிப்பான முதல் பிரதிகளைப் பாதுகாக்கச் செலவிடும் அருங்காட்சியகங்கள், வெளிறிய பிரதிகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராயவும் பணம் ஒதுக்க வேண்டும்.