ஹார்மோன் மருந்தை மாற்றும்போது ஊசியை நிறுத்திவிடாதீர்கள்

முற்றிய நிலையில் உள்ள புராஸ்டேட் புற்றுநோய்க்கு மருந்தை மாற்றப் போகிறோம் என்று மருத்துவர் சொன்னால், பழையது முழுவதும் முடிந்துவிட்டது என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். புது மாத்திரை வந்துவிட்டதே, இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஹார்மோன் ஊசி எதற்கு என்று அந்தத் தவணையைத் தவறவிடுகிறார்கள். மருந்து மாற்றத்தில் நேரும் தவறுகளில் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

இந்தச் சிகிச்சை இரண்டு அடுக்கு கொண்டது. கீழ் அடுக்கு, இந்தப் புற்றுநோயை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் விரைகளில் சுரப்பதை நிறுத்துவது. லூப்ரோலைடு, கோசெரலின், டிரிப்டோரலின், டெகாரெலிக்ஸ் ஊசிகளும் ரெலுகோலிக்ஸ் மாத்திரையும் இதற்குத்தான். விரைகளை அறுவை சிகிச்சையில் அகற்றியவர்களுக்கு இவை தேவையில்லை. மேல் அடுக்கில், மிச்சமிருக்கும் ஹார்மோனையும் தடுக்கும் அபிராடெரோன், என்சலூடமைடு, அபலூடமைடு, டாரோலூடமைடு போன்ற மாத்திரைகள் வருகின்றன. பெரும்பாலும் மாறுவது மேல் அடுக்குதான். கீழ் அடுக்கு தொடர வேண்டும். கீமோதெரபி தொடங்கினாலும் அப்படித்தான். மருந்தை மீறி வளரும் செல்களுக்கு நடுவே, ஹார்மோன் இல்லாததால் அடங்கிக் கிடக்கும் செல்களும் இருக்கின்றன. ஊசியை விட்டால் அவையும் எழுந்துகொள்ளும்.

பி.எஸ்.ஏ. (நோயின் போக்கைக் காட்டும் இரத்தப் புரதம்) ஏறிவிட்டது என்று மருந்தை மாற்றச் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது, "டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு இருக்கிறது?" என்பது. அது ஒரு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். பலருக்கு 20-க்கும் கீழே இறங்கும். 50-ஐத் தாண்டியிருந்தால், புற்றுநோய் மருந்துக்கு அடங்கவில்லை என்ற முடிவுக்கு வரக்கூடாது. ஊசித் தவணை தள்ளிப்போயிருக்கலாம், மருந்து சரியாகக் கலக்கப்படாமல் போயிருக்கலாம், சிலருக்கு அந்த ஊசியே போதாமல் இருக்கலாம். அப்போது சரிசெய்ய வேண்டியது கீழ் அடுக்கை. இந்த எளிய இரத்தப் பரிசோதனையைச் செய்யாமலே மேல் அடுக்கை மாற்றினால், வேலை செய்துகொண்டிருந்த ஒரு நல்ல மருந்தை வீணாக இழப்போம்.

டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தாலும் ஒரே ஒரு பி.எஸ்.ஏ. அளவை நம்பி மாற்ற வேண்டாம். மிகக் குறைந்திருந்த அளவிலிருந்து 25 சதவீதம் கூடி, அந்த ஏற்றம் ஒரு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமாவது இருந்து, குறைந்தது மூன்று வாரம் கழித்து எடுத்த பரிசோதனையிலும் உறுதியானால்தான் அதைப் பொருட்படுத்தலாம். புது மருந்து தொடங்கிய முதல் 12 வாரங்களில் பி.எஸ்.ஏ. சற்று ஏறி இறங்குவதும், எலும்பு ஸ்கேனில் குணமாகும் இடங்களே புதுப் புள்ளிகளாகத் தெரிவதும் உண்டு. இதற்கு நேர்மாறாக, பி.எஸ்.ஏ. குறைவாகவே இருந்து, கல்லீரல் போன்ற உறுப்புகளில் நோய் பரவினால் காத்திருக்கக் கூடாது. கட்டியின் தன்மையே மாறியிருக்கலாம். திசுப் பரிசோதனை தேவைப்படும்.

இனி மாற்றும் முறை. மூன்று மாத ஊசியிலிருந்து ரெலுகோலிக்ஸுக்குப் போனால், அடுத்த ஊசி போட வேண்டிய நாளிலேயே மாத்திரையைத் தொடங்க வேண்டும். முதல் நாள் 360 மில்லிகிராம், பிறகு தினமும் 120. இந்த மாத்திரையை நிறுத்தினால் டெஸ்டோஸ்டிரோன் வேகமாகத் திரும்பிவிடும். ஏழு நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 360-இலிருந்து தொடங்க வேண்டும். மறதி உள்ளவருக்கு ஊசியே பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து. டெகாரெலிக்ஸ் தொடக்கத்தில் 240 மில்லிகிராம், இரண்டு ஊசிகளாக. பிறகு 28 நாளுக்கு ஒருமுறை 80. லூப்ரோலைடு வகை ஊசிகளை முதன்முதலாகப் போடும்போது டெஸ்டோஸ்டிரோன் சில நாட்கள் எகிறும். முதுகெலும்பில் நோய் உள்ளவருக்கு இது தண்டுவடத்தை நெரிக்கலாம். அதனால்தான் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் பைகலூடமைடு மாத்திரையைத் துணைக்குக் கொடுக்கிறார்கள், அல்லது நேரடியாக டெகாரெலிக்ஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அபிராடெரோனிலிருந்து விலகும்போது அதோடு எடுத்த பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்தக் கூடாது. பல மாதங்கள் ஸ்டீராய்டு எடுத்த உடலில் அட்ரீனல் சுரப்பி சோம்பிப்போயிருக்கும். கடும் சோர்வு, வாந்தி, இரத்த அழுத்தம் சரிவது எல்லாம் அதன் அறிகுறிகள். மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எதிர்த்திசையில், டாரோலூடமைடிலிருந்து அபிராடெரோனுக்கு மாறுபவர்கள் உணவுப் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். டாரோலூடமைடு உணவோடு எடுப்பது. வழக்கமான 1000 மில்லிகிராம் அபிராடெரோன் வெறும் வயிற்றில் எடுப்பது. முன்னால் இரண்டு மணி நேரமும் பின்னால் ஒரு மணி நேரமும் எதுவும் சாப்பிடக் கூடாது. கொழுப்பு நிறைந்த உணவோடு எடுத்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு பத்து மடங்கு வரை ஏறலாம். அபிராடெரோன் எடுக்கையில் பொட்டாசியம், இரத்த அழுத்தம், கல்லீரல் மூன்றையும் கண்காணிக்க வேண்டும். கல்லீரல் பரிசோதனை முதல் மூன்று மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறை.

என்சலூடமைடும் அபலூடமைடும் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, மற்ற மருந்துகளை வேகமாக வெளியேற்றிவிடும். வார்ஃபரின், அபிக்சபான் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். என்சலூடமைடு உடலை விட்டு மெதுவாகவே வெளியேறும், அதனால் நிறுத்திய பிறகும் சில வாரங்கள் இந்தத் தாக்கம் நீடிக்கும். முன்பு வலிப்பு வந்தவர்களுக்கு இந்த இரண்டும் ஏற்றவை அல்ல.

மாற்றத்துக்கான காரணம் பக்கவிளைவா, நோய் வளர்ச்சியா என்பதைப் பொறுத்தே அடுத்த மருந்து அமைய வேண்டும். நோய் கட்டுப்பாட்டில் இருந்து, சோர்வோ தடுமாற்றமோதான் பிரச்சினை என்றால், அதே வகையில் இன்னொன்றுக்கு மாறுவது நியாயமானது. நோய் வளர்ந்ததால் மாற்றினால், அதே வகையில் அடுத்தது பெரும்பாலும் கொஞ்ச காலமே தாங்கும். 2019-இல் வெளியான 'கார்ட்' ஆய்வில், டோசிடாக்செல் என்ற கீமோதெரபி மருந்தும் மேல் அடுக்கு மாத்திரை ஒன்றும் ஏற்கெனவே எடுத்தவர்களுக்கு, கபாசிடாக்செல் கீமோதெரபி ஸ்கேனில் நோயைச் சராசரியாக 8 மாதம் கட்டுப்படுத்தியது. இன்னொரு ஹார்மோன் மாத்திரைக்கு மாறியவர்களிடம் அது 3.7 மாதம்தான். ஆகவே இந்தக் கட்டத்தில் கீமோதெரபியையும், பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் மாற்றம் உள்ளதா என்ற பரிசோதனையையும், புராஸ்டேட் புற்றுநோய் செல்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேனையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

மாற்றிய பிறகு புதிதாகக் கடும் முதுகுவலி, கால்களில் பலவீனம், சிறுநீர் அடைப்பு வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.