ரப்பரில் கரி எவ்வளவு போடலாம்?

சைக்கிள் கடையில் பழைய ட்யூபை நீளவாக்கில் கிழித்து, கேரியரில் மூட்டை கட்டத் தருவார்கள். அதில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள், மூழ்கிவிடும். தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் ரப்பர் பேண்டைப் போட்டால் மிதக்கும். வித்தியாசம் உள்ளே இருக்கும் கரியில்.

ரப்பர் தொழிலில் எல்லாக் கணக்கும் 100 பங்கு ரப்பரை வைத்துத்தான். டயரின் மேல்பட்டையில் அந்த 100-க்குச் சுமார் 50 பங்கு கார்பன் பிளாக் என்ற கரித்தூள் சேரும். பாலில் இப்படிக் கலந்தால் வழக்குப் போடுவார்கள்! ரப்பரிலோ கலந்தால்தான் பலம். லண்டன் சில்வர்டவுன் ஆலையில் எஸ்.சி. மோட் 1904-இல் இதைக் கண்டறிந்தார். அதுவரை டயர்கள் வெளிர் நிறம்தான்.

செயற்கை ரப்பரான எஸ்.பி.ஆரை வெறுமனே இழுத்தால் 2, 3 மெகாபாஸ்கலிலேயே (இழுப்பின் அழுத்தத்தை அளக்கும் அலகு) அறுந்துவிடும். சரியான கரி சேர்ந்தால் 20-ஐத் தாண்டும். இயற்கை ரப்பருக்கு இந்தத் தாவல் கிடையாது. இழுக்கும்போதே அதன் இழைகள் படிகமாகி அதுவாகவே இறுகிக்கொள்ளும். அதற்குக் கரி தருவது தேய்மானத்தையும் கிழிசலையும் தாங்கும் திறன்.

எந்தத் தூளைப் போட்டாலும் இது நடக்குமா? நடக்காது. டயருக்குப் போடும் என்330 ரகக் கரியின் துகள் ஏறக்குறைய 30 நானோமீட்டர். ஒரு கிராம் எடுத்தால் அதன் மேற்பரப்பு 80 சதுர மீட்டர் அளவுக்கு வரும், இரண்டு படுக்கையறை வீட்டின் தரை மாதிரி. அவ்வளவு பரப்பிலும் ரப்பர் இழைகள் ஒட்டிக்கொள்கின்றன. அரைத்த சுண்ணாம்புத்தூளுக்கு அந்தப் பரப்பு இல்லை. அதைப் போட்டால் விலை குறையும், கொஞ்சம் கெட்டியாகும், அவ்வளவுதான்.

கெட்டித்தன்மையை ஓரளவு கணக்குப் போட்டே சொல்லலாம். திரவத்தில் துகள்கள் மிதந்தால் அது எவ்வளவு கெட்டியாகும் என்பதற்காக ஐன்ஸ்டைன் 1906-இல் எழுதிய சமன்பாடுதான் அடிப்படை (அதில் இருந்த பிழையை 1911-இல் திருத்தினார்). அதை நீட்டித்த கூத்–கோல்ட் சூத்திரப்படி, 50 பங்கு கரி போட்டால் விறைப்பு இரண்டு மடங்காகும். கரித்துகள்கள் தனித்தனியாக இல்லாமல் திராட்சைக்குலைபோல் சேர்ந்திருப்பதாலும், குலைகளின் இடுக்கில் ரப்பர் சிக்கிக்கொள்வதாலும், சிறிய இழுவையில் நிஜ விறைப்பு இதைவிட அதிகம்.

சரி, இன்னும் அள்ளிப் போட்டால்? விறைப்பு ஏறிக்கொண்டே போகும், நீளும் தன்மை குறைந்துகொண்டே வரும். ஆனால் அறுபடும் வலிமை ஓர் உச்சம் தொட்டு இறங்கிவிடும். துகள்களைச் சுற்றிப் பூசிக்கொள்ளப் போதிய ரப்பர் இருக்காது. கலவையில் கட்டிகட்டியாக நிற்கும் கரியிலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

அந்த ட்யூப் பட்டையைப் பலமாக ஒருமுறை இழுத்துவிட்டு, மறுபடி இழுத்துப் பாருங்கள். இரண்டாம் முறை இளகிக் கொடுக்கும். முதல் இழுப்பில் கரிக்கும் ரப்பருக்கும் இடையே இருந்த பல பிடிப்புகள் விட்டுப்போனதே காரணம். இதற்கு முல்லின்ஸ் விளைவு என்று பெயர்.

ஓடும் டயரில் ஒவ்வொரு சுற்றிலும் கரித்துகள்கள் கோத்த வலை உடைந்து உடைந்து கூடுகிறது, அதற்கான ஆற்றல் வெப்பமாக வீணாகிறது, பெட்ரோலும்தான். அதனால்தான் 1992-இல் மிஷெலின் என்ற டயர் நிறுவனம் கரிக்குப் பதிலாகச் சிலிக்கா சேர்த்த டயரைக் கொண்டுவந்தது. சிலிக்கா ரப்பரோடு லேசில் ஒட்டாது. நடுவில் சிலேன் என்ற வேதிப்பொருள் பாலம் போட வேண்டும். சிலிக்கா வெள்ளைத் தூள். ஆனாலும் அந்த டயரும் கருப்புதான், வெயில் தாங்கக் கொஞ்சம் கரி போடுகிறார்கள்.