உறுதி பதிந்தாச்சு, பிறகென்ன பயம்?

போன வருடம், காணி உறுதி எழுதும் என் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். கனடாவில் உழைத்த காசில் யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் இரண்டு பரப்புக் காணியும் வீடும் வாங்கியவர். கிரய உறுதி (விற்பனைப் பத்திரம்), அளவைப் படம், காணிக் கந்தோரில் பதிந்த இலக்கம் எல்லாம் ஃபைலில் ஒழுங்காக இருந்தன. கூடவே பிரான்சில் இருக்கும் ஒரு பெண்ணின் சார்பில் வந்த சட்டத்தரணிக் கடிதமும்.

அந்தக் காணியை முதலில் வாங்கியது, இவருக்கு விற்ற பெண்ணின் கணவர், கலியாணத்துக்குப் பிறகு. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமையில் அது தேடியதேட்டம், அதாவது மணவாழ்வில் தேடிய சொத்து. கணவர் மரணசாசனம் எழுதாமல் இறந்துவிட்டார். அப்படியானால் பாதி மனைவிக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்கு. தாயும் இங்கிருந்த இரண்டு மகன்மாரும் கையெழுத்து வைத்தார்கள். 1995 போர்க்கால இடப்பெயர்வோடு வன்னிக்குப் போய், அங்கிருந்து பிரான்சுக்குப் போன மகளைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. ஆறில் ஒரு பங்கு அவருடையது.

அந்த உறுதியை எழுதியது நானில்லை. எழுதியிருந்தால் பிடித்திருப்பேனா? சந்தேகம்தான். முப்பது வருடப் பதிவைத் தேடிப் பார்க்கிறோம், சரி. ஆனால் காணிக் கந்தோர்ப் புத்தகத்தில் உறுதிகள் இருக்குமே தவிர, இறந்தவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று இருக்காது. கையெழுத்து கள்ளமா என்றும் அது சொல்லாது. பிழையான உறுதியைப் பதிந்தால் அது பதிந்த பிழையான உறுதி, அவ்வளவே.

"கனடாவில வீடு வாங்கேக்க டைட்டில் இன்சூரன்ஸ் எண்டு ஒண்டு எடுத்தனான். இஞ்ச அது இல்லையோ?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் எடுக்கும் காப்புறுதி இனி நடக்கப்போவதற்கு. டைட்டில் இன்சூரன்ஸ் என்ற உரித்துக் காப்புறுதி ஏற்கெனவே நடந்து, கண்ணுக்குப் படாமல் கிடப்பதற்கு: மறைந்திருந்த வாரிசு, கள்ளக் கையெழுத்து, தீராத ஈடு (அடமானம்). வாங்கும்போது ஒரு தடவை கட்டினால் போதும். வழக்கு வந்தால் செலவையும், உரித்துப் போனால் காப்புறுதிப் பத்திரத்தில் சொன்ன தொகை வரை நட்டத்தையும் நிறுவனம் ஏற்கும்.

இது பிறந்த கதை என் தொழில்காரருக்குக் கொஞ்சம் சுடும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், உரித்துப் பார்த்துக் கொடுத்தவரை நம்பிக் காணி வாங்கிய ஒருவர் காசை இழந்தார். பார்த்தவர் கவனயீனமாக நடக்கவில்லை, ஆகவே அவர் பொறுப்பில்லை என்றது நீதிமன்றம், 1868இல். சரி, அப்போ வாங்கியவருக்கு யார் பொறுப்பு? அதற்குப் பதிலாகத்தான் 1876இல் பிலடெல்பியாவில் முதல் உரித்துக் காப்புறுதி நிறுவனம் தொடங்கியது.

இங்கே இந்தக் காப்புறுதிப் பேச்சு பெரும்பாலும் வீட்டுக்கடனோடுதான் வருகிறது. அப்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: பத்திரம் யாருக்கு? கடன் கொடுத்தவருக்கு மட்டும் என்றால் அது வங்கியின் மிச்சக் கடனைத்தான் காக்கும். நீங்கள் கையிலிருந்து போட்ட காசுக்கு வீடு வாங்குபவரின் பெயரிலேயே பத்திரம் வேண்டும். விலக்குகளையும் வாசியுங்கள். உங்களுக்கு முன்பே தெரிந்த குறைக்கு ஒரு சதமும் கிடைக்காது. அளக்காமல் வாங்கிய காணியின் எல்லைச் சண்டையையும் அநேகமாக விலக்கித்தான் வைத்திருப்பார்கள்.

காப்புறுதி எடுத்தாலும் எங்கள் ஊர்ச் சங்கதிகளை நீங்கள்தான் கேட்க வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் லண்டனில் இருந்தாலும் வேண்டும். பிரிக்காத பங்கை வாங்குகிறீர்களா? மற்றப் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு, 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையான அறிவித்தல் கொடுத்தார்களா என்று பாருங்கள். அற்றோணித் தத்துவத்தில் (சொந்தக்காரர் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரத்தில்) ஒருவர் விற்க வந்தால், தத்துவம் கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு வீடியோ அழைப்பாவது எடுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் "அவைக்கு எத்தினை பிள்ளையள்?" என்று கேட்பது அதைவிடச் சுலபம், சில நேரம் முப்பது வருடத் தேடலைவிட உபயோகம்.

கொக்குவில்காரர் இப்போது அந்த ஆறில் ஒரு பங்குக்கு இன்றைய விலை பேசிக்கொண்டிருக்கிறார். கிணற்றுப் பங்கு தனிப் பேச்சாம்.