தேய்ப்புருளை: டிரில்லில் சுழலும் உப்புத்தாளுக்கு ஒரு பெயர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அலைச்சறுக்குப் பலகையை வீட்டுக் கராஜிலேயே செதுக்கிப் பார்க்கிற நம் பிள்ளைகள் 'டிரம் சாண்டர்' என்று சொல்வது ரொம்ப எளிய கருவி. ஒரு குழாய், அதைச் சுற்றி உப்புத்தாள், நடுவே ஒரு கம்பி, கம்பியின் ஒரு முனை கை டிரில்லின் வாயில். டிரில்லை ஓட்டினால் குழாய் சுழலும், பலகையாகப்போகிற நுரைக்கட்டையைத் தாள் தேய்த்து எடுக்கும். தட்டையான கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தால் சரியாக வராத உள்வளைவுகளை, அதாவது பலகையின் அடியில் தண்ணீர் ஓடுவதற்காக விடுகிற குழிவுகளை, இதனால் சீராக எடுக்கலாம். இதைத் தமிழில் தேய்ப்புருளை என்று சொல்வதே பொருத்தம்.

முதலில் 'டிரம்'. ஆங்கிலத்துக்கு இது 16ஆம் நூற்றாண்டில் டச்சுப் பக்கமிருந்து போன சொல் என்று அகராதிகள் காட்டுகின்றன. அடிக்கிற முரசுதான் முதல் பொருள், முரசு வடிவில் இருக்கிற எதையும் குறிப்பது பின்னால் வந்தது. எண்ணெய் டிரம்முக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். இது தெரியாமல் 'முரசுத் தேய்ப்பான்' என்று எழுதினால் தமிழ் படிக்கிறவருக்கு ஓசைதான் நினைவுக்கு வரும், கருவி வராது. வடிவத்தைச் சொல்ல நம்மிடம் உருளை இருக்கிறது. உருள் என்ற வினையிலிருந்து வந்த சொல் என்பதால் வடிவத்தோடு சுழற்சியும் அதிலேயே வந்துவிடுகிறது.

அடுத்தது 'சாண்டர்'. மணல் ஒட்டிய தாளிலிருந்து வந்த பெயர். இன்று கடையில் வாங்கும் தாளில் மணல் இல்லை, பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு அல்லது சிலிக்கன் கார்பைடுதான். நம் தச்சர்கள் சொல்லும் உப்புத்தாளிலும் உப்பு கிடையாது. ஆனால் இங்கே ஹார்ட்வேர் கடைக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த ஆஃப்ரிகான்ஸ் சொல் 'ஸ்கியூர்பப்பீர்', அதில் 'ஸ்கியூர்' என்றால் தேய்ப்பது. ஒட்டியிருக்கும் பொருளை விட்டுவிட்டுச் செய்யும் வேலையைச் சொல்கிறது. எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது, பொருள் மாறினாலும் வேலை மாறாது.

சரி, தமிழில் அந்த வேலைக்கு எந்த வினை? சாணை பிடிப்பது கூர் தீட்டுவதற்கு, அது வடமொழியிலிருந்து வந்து நம்மோடு ஒன்றிப்போன சொல், இங்கே கூர் தீட்ட எதுவும் இல்லை. அராவுவது அரத்தின் வேலை, இரும்பு நினைவுக்கு வரும். இழைப்பது இழைப்புளியின் வேலை, அதில் அலகு உண்டு, சுருள் சுருளாகச் சீவல் விழும். இந்த உருளையிலிருந்து விழுவது தூள் மட்டுமே. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதற்குத் தேய்ப்பதைவிடச் சரியான வினை இல்லை. தேய்ப்பு, உருளை, இரண்டும் சேர்ந்தால் தேய்ப்புருளை.

டிரில்லுக்கும் பழைய சொற்கள் உண்டு. துரப்பணம் என்றும் தமரூசி என்றும் தச்சர் துளைக்கும் கருவியைச் சொன்னார்கள், தமர் என்றால் துளை. ஆனால் மின்சாரத்தில் ஓடுவதை எல்லோரும் டிரில் என்கிறார்கள், அதை மாற்றப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

செய்வதற்கு 50 மில்லிமீட்டர் பிவிசி வடிகால் குழாய் போதும். அதன்மேல் 10 மில்லிமீட்டர் கனத்தில் மெத்தை நுரை ஒட்டினால் விட்டம் 70 ஆகும், சுற்றளவு ஏறக்குறைய 220. உப்புத்தாள் முழுத்தாள் 230க்கு 280, ஆகவே 280 பக்கத்தைக் குழாயின் நீளவாட்டில் வைத்து 230 பக்கத்தைச் சுற்றினால், ஒன்றன்மேல் ஒன்று ஒட்ட 10 மில்லிமீட்டர் மிச்சம் கிடைக்கும். மேல் விளிம்பு சுழலும் திசைக்குப் பின்பக்கமாக இருக்க வேண்டும், முன்பக்கமாக இருந்தால் கட்டையில் மாட்டிக் கிழிந்துவிடும். இரண்டு முனைகளிலும் பிளைவுட் வட்டு, சரியாக நடுவில் துளை, அதில் எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் மரைக்கம்பி. மையம் தவறினால் உருளை ஆடும், ஆடினால் நுரையில் அலை அலையாகத் தடம் விழும், ஆகவே இந்தத் துளைக்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் தகும். ஸ்கேட்போர்டு பேரிங்கின் உள்துளை 8 மில்லிமீட்டர், இதே கம்பியில் ஏறும், அதை ஒரு மரக்கட்டையில் பொருத்தி மறுமுனைக்குக் கைப்பிடியாக வைத்தால் இரண்டு கையாலும் பிடிக்கலாம்.

வேகத்தில் கவனம் வேண்டும். நிமிடத்துக்கு 1,200 சுற்றில் 70 மில்லிமீட்டர் உருளையின் மேற்பரப்பு விநாடிக்கு 4.4 மீட்டர் ஓடும், அதே டிரில்லில் 110 குழாயை மாட்டினால் 6.9. பாலியூரித்தேன் நுரை தாங்கும், பாலிஸ்டைரீன் 100 டிகிரி வாக்கில் இளகுவதால் சூடேறினால் உருகி அப்பிக்கொள்ளும். அப்புறம், பலகையின் நடுவே நீளவாட்டில் ஓடும் மெல்லிய மரச்சட்டம் நுரையைவிடக் கடினம், உருளை அதன் இருபுறமும் நுரையை மட்டும் தோண்டிவிடும். அந்த இடத்தில் சட்டத்தை முதலில் சிறு இழைப்புளியால் இறக்கிவிட்டுத்தான் உருளையைக் கொண்டுவர வேண்டும். தூசு நுரையீரலுக்குக் கெடுதல், நல்ல முகமூடி இல்லாமல் தொடக்கூடாது.

இந்தச் சொற்கள் நம்மிடம் தமிழில் இல்லாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1860இல் மதராஸிலிருந்து டுரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்தவர்களுக்கு, ஷான் டாம்சன் என்ற டர்பன்காரர் அலைச்சறுக்கில் உலகப் பட்டம் வென்ற 1977இலும், வெள்ளையருக்கென்று ஒதுக்கிய கடற்கரைகளில் இடமில்லை. 1989இல்தான் கடற்கரைகள் எல்லோருக்கும் திறந்தன. அதற்குள் விளையாட்டின் சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில் உறைந்துவிட்டன. 1996 அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது, அந்த வேலையில் கராஜும் அடங்க வேண்டும் என்பது என் ஆசை.

எழுதும்போது சேர்த்தே எழுதுங்கள்: தேய்ப்புருளை, பன்மையில் தேய்ப்புருளைகள். நுரை வைத்ததை மென்னுருளை என்றும் வைக்காததை வன்னுருளை என்றும் பிரிக்கலாம். "வன்னுருளையில் 40ஆம் எண் முரட்டுத் தாளைப் போட்டுக் குழிவை எடு, மென்னுருளையில் 80 போட்டு ஓரத்தை முடி" என்று சொன்னால் பலகை செய்கிறவருக்கு உடனே புரியும்.